எழில்மதிக்கு வரவேண்டியது

வாங்குகிறவன் தலையில் தானே ஹெல்மெட்டை மாட்டி, தாடைக்குக் கீழே கிளிப்பைப் போட்டு, வாரில் இரண்டு விரலை விட்டு ஓர் இழுப்பு இழுக்கிறார் பிச்சைமுத்து. ஆள் முகத்தைச் சுளித்தால்தான் விடுவார். "வலிக்குதா? அப்ப சரியாக் கீது. போய்க்கினே இரு" என்று முதுகில் ஒரு தட்டு தட்டி அனுப்புவார்.

கடை என்று சொன்னால் அவரே சிரிப்பார். வடக்கனந்தலைத் தாண்டி மலைக்குப் போகிற சாலையில் ஒரு புளியமரம், அதில் கட்டிய கயிறு, கயிற்றில் தொங்கும் ஹெல்மெட்டுகள், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அவ்வளவுதான். கல்வராயன் மலை அருவிக்குப் போகிற பையன்கள் ஒரே வண்டியில் மூன்று பேராக வந்து நிற்பார்கள். ஒவ்வொன்றாகப் போட்டுப் படம் எடுத்துக்கொண்டு, வாங்காமலே கிளம்புவார்கள். இவர் சும்மா விட மாட்டார். "உங்கம்மாவுக்கு வேற புள்ள இருக்குதா? இல்லல்ல? அப்ப வாங்கிப் போடு." வியாபாரம் செய்கிறாரா, வம்புக்கு இழுக்கிறாரா என்று சந்தேகம் வரும். நான் மேலே இருக்கிற பள்ளிக்கூடத்துக்குத் தினமும் வண்டியில் போய்வருகிற வாத்தியார். எனக்கு ஒன்று விற்றது போதாதென்று, எப்போதாவது பின்னால் உட்கார்கிற என் மனைவிக்கும் ஒன்றைத் தலையில் கட்டிவிட்டார்.

எந்த வெயிலிலும் முகக்கவசத்தைக் கழற்ற மாட்டார். காலையில் செல்போன் அலாரம் அடித்தால், ஆள் பணத்தை நீட்டிக்கொண்டு நின்றாலும் திரும்பிப் பார்க்காமல் மாத்திரை டப்பாவைத் திறப்பார். பக்கத்தில் யாராவது இருமினால் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு தள்ளிப் போய்விடுவார். "கோச்சுக்காதீங்க, எனக்கு எதுவும் ஒட்டக் கூடாது" என்பார். அவர் வயிற்றுக்குள் முகம் தெரியாத ஒருவருடைய கிட்னி இருக்கிறது. போன வருஷம் வைத்தது.

அதற்கு முன்னால் சில வருஷங்கள் கள்ளக்குறிச்சியில் டயாலிசிஸ். அப்போதும் இதே வியாபாரம்தான். ஊரெல்லாம் ஹெல்மெட் போட்டுக்கொண்டால் உனக்கு எங்கிருந்தய்யா கிட்னி வரும் என்று டீக்கடை ராசு ஒரு நாள் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். எல்லாரும் சிரித்தார்கள், பிச்சைமுத்துவும் சிரித்தார். அதன்பிறகு அந்தக் கடைக்கு அவர் போகவில்லை. ராசு சொன்னதில் பொய் இல்லை என்பதுதான் கஷ்டம். சாலையில் அடிபட்டு மூளைச்சாவு அடைந்த யாரோ ஒருவருடைய வீட்டார் மனசு வைத்தால்தான் இவருக்கு முறை வரும். முன்பெல்லாம் அந்தப் பேச்சை எடுத்தாலே அடிக்க வருவார்கள். இப்போது கூலி வேலை செய்கிற குடும்பங்கள்கூட அழுதுகொண்டே சரி என்கின்றன. கொடுத்தவர் உடலுக்கு அதிகாரிகள் வந்து அரசு மரியாதை செய்கிறார்கள். அப்படியும் காத்திருக்கிறவர்கள் கூட்டம் குறைந்தபாடில்லை.

இதெல்லாம் பழைய கதை, அவருக்குத்தான் கிடைத்துவிட்டதே என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் மனிதர் இன்னும் எழுந்து நின்றுவிடுகிறார். எதிரே நிற்பவர் பேசுவது காதில் விழுவதில்லை. "யாருக்கும் ஒண்ணும் ஆவக் கூடாது" என்று முணுமுணுப்பார். முணுமுணுத்த கையோடு செல்போனை எடுத்துப் பார்ப்பார். இன்னும் எதற்கு என்று கேட்டேன். எழுந்து ஹெல்மெட்டுகளைத் துடைக்கப் போய்விட்டார். மழைக்கு நான் ஒதுங்கிய ஒரு மத்தியானம் அவராகவே சொன்னார்.

எழில்மதி என்று மலைக் கிராமத்துப் பெண், கல்லூரிக்குப் போகிற வயசு. டயாலிசிஸில் இவருக்குப் பக்கத்துப் படுக்கை. ஊரில் செல்போன் டவர் எடுக்காது. ஆஸ்பத்திரி அழைப்பு தெரியாமல் போய்விடக் கூடாது என்பதற்காகவே அவளும் அம்மா சாலம்மாளும் மரவள்ளிக் காட்டைக் குத்தகைக்கு விட்டுவிட்டுக் கள்ளக்குறிச்சியில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தார்கள். அவளுக்கும் இவருக்கும் ஒரே இரத்த வகை. ஒரு நாள் இருவருக்கும் சேர்ந்தே சென்னையிலிருந்து அழைப்பு வந்தது. ஒரு கிட்னிக்கு ஓர் ஆளை மட்டும் கூப்பிட மாட்டார்கள். முதல் ஆளுக்குச் சேராமல் போனால் வீணாகக் கூடாதே என்று அடுத்தவரையும் வரச் சொல்வார்கள். கொடுத்தவருடைய இன்னொரு கிட்னி வேறு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது. எழில்மதி முதல், இவர் அடுத்து. செலவைப் பார்த்து ஒரே காரில் கிளம்பினார்கள்.

உளுந்தூர்ப்பேட்டை தாண்டியதும் அந்தப் பெண் ஜன்னலை ஏற்றச் சொன்னாள். வெளியே நல்ல வெயில். இவர் திரும்பிப் பார்த்தார்; போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தாள். திண்டிவனத்தில் டீக்கு நிறுத்தியபோது சாலம்மாள் முந்தானையால் மறைத்து ஒரு மாத்திரையைப் பிய்த்து மகள் வாயில் போட்டாள். பிச்சைமுத்து பார்த்துவிட்டதை அவளும் பார்த்தாள். அங்கிருந்து சென்னை வரைக்கும் அவள் இவர் பக்கம் திரும்பவே இல்லை.

காய்ச்சலோடு கிட்னி வைத்தால், அதை உடம்பு ஏற்றுக்கொள்ளக் கொடுக்கிற மருந்தே எதிர்ப்புச் சக்தியை அமுக்கிவிடும். உயிரே போகலாம். டயாலிசிஸ் படுக்கையில் கிடந்தவர்கள் எல்லாருக்கும் இது தெரியும். சாலம்மாளுக்கும் தெரியும். இதை விட்டால் அடுத்த அழைப்பு எந்தக் காலத்தில் வருமோ என்ற பயம் அவளுக்கு. டாக்டர் வந்து காய்ச்சல், சளி உண்டா என்று கேட்டபோது எழில்மதி இல்லை என்று தலையாட்டினாள். மாத்திரை வேலை செய்துகொண்டிருந்ததால் நர்ஸ் பார்த்தபோதும் சூடு காட்டவில்லை. இரத்தம் எடுத்துக்கொண்டு, பொருந்துகிறதா என்று பார்க்கப் போய்விட்டார்கள்.

அந்த முடிவு வருகிற வரைக்கும் மூன்று பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். வாயைத் திறந்தால் கிட்னி இவருக்கு. திறக்காவிட்டால் அந்தப் பெண் என்ன ஆவாளோ.

"அந்தப் பொண்ணுக்காகச் சொல்லப் போறனா, எனக்காகச் சொல்லப் போறனான்னு எனக்கே தெரியல சார். சாமி சத்தியமாத் தெரியல."

கடைசியில் நர்ஸிடம் போய், தனக்கு உடம்பு ஒரு மாதிரியாக இருக்கிறது, இருவருக்கும் இன்னொரு தடவை சூடு பார்த்துவிடச் சொன்னார். முதலில் தன் அக்குளைத்தான் காட்டினார். அவருக்கு ஒன்றும் இல்லை. அதற்குள் மாத்திரையின் வேகம் அடங்கியிருந்த எழில்மதிக்கு அனலாகக் கொதித்தது. அவளை வேறு வார்டுக்கு அனுப்பிவிட்டு இவரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். சாலம்மாள் ஒரு வார்த்தை திட்டவில்லையாம். திட்டியிருந்தால் தேவலை என்கிறார்.

நீங்கள் செய்ததுதான் சரி என்றேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்.

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. அந்தப் புள்ளைக்கு அடுத்த வாரமே காய்ச்சல் வுட்டுப் போச்சு சார்."

எழில்மதி இன்னும் டயாலிசிஸில்தான் இருக்கிறாள். இவர் அவ்வப்போது போன் செய்வார். சாலம்மாள் எடுத்து, "இன்னும் இல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடுவாள். அவளாக ஒருநாளும் கூப்பிட்டதில்லை.

போன திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அங்கே நின்றேன். அவருடைய போன் அடித்தது. திரையில் சாலம்மாள் பெயர். எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது. பச்சைப் பொத்தானை அமுக்கி என்னிடம் நீட்டினார்.

"இன்னான்னு நீங்க கேளுங்க சார்."

நான் யார் என்று சொல்லிவிட்டுக் கேட்டேன். கார் ஓடுகிற சத்தத்துக்கு நடுவே சாலம்மாளின் குரல் அவசரமாக வந்தது.

"கூப்டுட்டாங்க சார். போய்க்கினு இருக்கோம். இந்த வாட்டியும் இவதான் மொத ஆளு. காய்ச்சல் இல்லன்னு அவருகிட்ட சொல்லுங்க. வூட்டுலயே பாத்துட்டுத்தான் கெளம்பினேன்."

சொல்வதற்காகத் திரும்பினேன். பிச்சைமுத்து சாலையைப் பார்த்து, எனக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தார். அவருடைய இரண்டு கைகளும், யாரோ பார்த்துவிடப் போகிறார்கள் என்பது போல, அடிவயிற்றை மூடியிருந்தன.