பட்டியலில் வராதவர்கள்

படுத்த படுக்கையாக இருப்பவர்களை மாதம் ஒருமுறை வீட்டுக்கே போய்ப் பார்த்துவரும் சிறு குழு ஒன்று திண்டுக்கல்லில் இருக்கிறது. நாகல் நகரில் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் நான் அவர்களுக்கு, குழுவில் எல்லோரும் எழுதித் திருத்தக்கூடிய இணையப் பக்கங்களாக, ஒரு விக்கி அமைத்துக் கொடுத்தேன். படுத்திருப்பவர் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். போய் வந்தவர் 'பார்த்த மாதம்' என்ற இடத்தில் அந்த மாதத்தைச் சேர்க்க வேண்டும். இன்னும் பார்க்காதவர்களைச் சனிக்கிழமைதோறும் எடுத்துத்தர நான் எழுதிய கேள்வி ஒரே வரி: பார்த்த மாதம் ≠ இந்த மாதம், அதாவது இரண்டும் சமமில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

ஒரு தப்பு சீக்கிரமே தெரிந்தது. "என்ன தம்பி, திங்கக்கிழமைதான வந்துட்டுப் போனீங்க?" என்றார், மறுபடி போய் நின்ற எங்களிடம், பேகம்பூர் பாய் ஒருவர். விக்கியில் அவருடைய பக்கத்தில் ஜூன், ஜூலை இரண்டும் இருந்தன. ஜூலை அல்லாத ஜூன் இருக்கிறதே என்று விக்கி அவரை மறுபடி பட்டியலில் சேர்த்திருந்தது. இரண்டு தடவை பார்த்தால் என்ன குறைந்துவிடும் என்று விட்டுவிட்டேன். சோம்பேறித்தனம்தான்.

வத்தலக்குண்டு பக்கம் என் அத்தை இடுப்பெலும்பு முறிந்து படுத்தபோது அவருக்கும் நானே பக்கம் திறந்தேன். யாரும் இன்னும் போகாததால் 'பார்த்த மாதம்' காலியாக இருந்தது. இரண்டு முறை போன் செய்தார்.

"முதுகெல்லாம் புண்ணாக் கெடக்குப்பா. இன்னும் யாரும் வரலையே."

"லிஸ்ட்ல இருக்கீங்க அத்தை. வருவாங்க."

"சரிப்பா. நீ சொன்னாச் சரி."

நானே பஸ் ஏறியிருக்கலாம். ஏறவில்லை.

அத்தையின் துக்கத்துக்கு வந்திருந்த, குழுவின் நர்ஸ் அக்கா தணிந்த குரலில், "இவங்க நம்ம லிஸ்ட்ல வரவே இல்லையே தம்பி," என்றார்.

வீடு திரும்பிப் பார்த்தேன். காலியான இடத்தை விக்கி எதனோடும் ஒப்பிடவில்லை. சமம் என்றும் சொல்லவில்லை, சமமில்லை என்றும் சொல்லவில்லை, விட்டுவிட்டது. நான் கேட்டிருக்க வேண்டியது வேறு: இந்த மாதம் பார்த்தாகிவிட்டவர்களை எடு, மொத்தப் பேரிலிருந்து அவர்களைக் கழி, மீதியைக் கொடு. 'இல்லை' என்பது அப்படித்தான் வேலை செய்ய வேண்டும். ஒன்றும் எழுதப்படாதவர்தான் அதில் முதலில் வர வேண்டும். கூடுதலாக வந்தவர் சொல்லிவிடுவார், விடுபட்டவர் சொல்ல மாட்டார் என்று எழுத வந்தேன். அத்தை சொன்னார். இரண்டு முறை.

மாற்றி எழுதப் பத்து நிமிடம் ஆனது. அழுகை வரவில்லை. காபி போட்டுக் குடித்தேன். அத்தை இறந்ததை அவர் பக்கத்தில் எழுத மட்டும் கை போகவில்லை.

அடுத்த சனிக்கிழமை, புதிதாகச் சேர்ந்த டீச்சர் ஒருவர் பட்டியலை வாசித்தார். "வத்தலக்குண்டு பக்கம் ஒரு அம்மா. இதுவரைக்கும் யாருமே போகல போலயே. யாரு போறீங்க?"

நர்ஸ் அக்கா தலையைக் குனிந்துகொண்டார்.

"நான் போறேன்," என்றேன். டீச்சர் குறித்துக்கொண்டு அடுத்தவரை வாசித்தார்.