எடப்பாடியில் ஒரு கூடாரப் பண்டிகை

பௌர்ணமிக்கு முதல் நாள் காலை எட்டு மணிக்குச் சேலத்தில் பஸ் ஏறினேன். எடப்பாடிக்கு இருபத்தைந்து மைல், பத்தணா. நான் சாயத்தூள் ஏஜெண்டு. பிறந்தது எறணாகுளத்து யூதர் தெருவில். மாதிரிகளைக் காட்டிவிட்டு மாலையே திரும்பி ரயிலைப் பிடித்தால், மறுநாள் பொழுது சாய்வதற்குள் மனைவி ரேச்சலோடு கூடாரப் பண்டிகைக்கு உட்கார்ந்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். கணக்கா அது! தாரமங்கலம் தாண்டியதும் பஸ்ஸின் அச்சு முறிந்தது. எடப்பாடி சேரும்போது இருட்டிவிட்டது; கடைசி பஸ்ஸும் போயிருந்தது, இனி மறுநாள் பொழுது சாய்வதற்குள் வீடு சேர வழியில்லை.

எங்கள் பண்டிகையில் ஏழு நாளும் ஓலைப் பந்தலில் உட்கார்ந்துதான் உண்ண வேண்டும்; முதல் இரண்டு நாள் பயணம் கூடாது. கல்யாணமாகிப் பதினொரு வருஷத்தில் நான் இல்லாமல் ரேச்சல் பந்தலில் விளக்கேற்றியதில்லை.

என்னைத் தங்கவைத்த நெசவாளர் செங்கோடன் விஷயத்தைக் கேட்டார். "இதுக்குப் போயி ஏனுங்க மொகத்தத் தொங்கப் போட்டிருக்கறீங்க? நம்மூட்டு வாசல்லயே போட்டுரலாமுங்க," என்றார்.

மறுநாள் நான்கு மணிக்குள் பந்தல் தயார். தென்னங்கீற்றை மூன்று அடுக்காக வேய்ந்துவிட்டு, "ஒரு சொட்டுத் தண்ணி எறங்காதுங்க," என்று மார்தட்டினார்.

எங்களுக்கோ கூரை வழியே நட்சத்திரம் தெரிய வேண்டும். சூரியன் இறங்கிக்கொண்டே போனதால் சொல்லித் தொலைத்தேன்.

"அட, நல்லா வேஞ்சதுதான் தப்புங்களா?" சிரித்துக்கொண்டே ஏறிக் கீற்றுகளை உருவினார். "மழை வந்தா?"

"எழுந்து வீட்டுக்குள் போய்விடலாம்."

அவர் கை நின்றது. "வந்தா நாங்க ஊட்டுக்குள்ள இருந்து வெளிய ஓடியாருவோமுங்க. கெணறு வத்திக் கெடக்குது சாமி. உங்க கடவுள்கிட்ட நீங்களும் ஒரு வார்த்த கேளுங்க."

மழை வேண்டுதல் எங்களுக்கு எட்டாம் நாள்தான். மழை வந்தால் பந்தலில் உட்கார முடியாதென்று அந்த ஏழு நாளும் கேட்பதில்லை. அதுமட்டுமா? மழை பிடித்தால் ஓடை பெருகும், பஸ் நிற்கும், ரேச்சலிடம் போக முடியாது. அந்தச் சுயநலமும் எனக்கு இருந்தது.

"எட்டாம் நாள் கேட்கிறேன்," என்றேன்.

"மறந்துராதீங்க," என்றார்.

அன்று மாலை கீற்றிடுக்கில் நிலவு தெரிய, ரொட்டியும் வாழைப்பழமும் தின்றேன். இந்நேரம் ரேச்சல் என் பாயையும் விரித்துவைத்து, அது காலியாகக் கிடப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அழுதேவிட்டேன்.

இரண்டு நாள் கழித்துப் புறப்பட்டேன். ஓடைகளெல்லாம் காய்ந்து கிடந்தன. பஸ் தடையில்லாமல் ஓடியது. சந்தோஷப்பட வெட்கமாக இருந்தது.

எட்டாம் நாள் எறணாகுளத்து ஜெபாலயத்தில் மழை வேண்டுதல். வெளியே மழை கொட்டு கொட்டென்று கொட்டியது. நாங்கள் கண்ணால் காணாத யெருசலேம் மண்ணுக்காக வருஷா வருஷம் இப்படித்தான், கொட்டும் மழைக்கு நடுவில் நின்று மழை கேட்போம். இம்முறை என் கண்ணில் எடப்பாடிதான் நின்றது. தொண்டை கட்டும்வரை கத்திக் கேட்டேன்.

ஜெபாலயத்தில் பெண்கள் உட்காரும் மாடியிலிருந்து இறங்கி வந்த ரேச்சல், "இவ்வளவு மழை போதாதா உங்களுக்கு?" என்றாள்.

"போதாது," என்றேன்.