மீதியில் கால் பங்கு

ஞாயிற்றுக்கிழமை மாலை நாலேகாலுக்குத்தான் எல்லாம் கோணத் தொடங்கியது. அதுவரை மகள் தனியாகத்தான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். துணி மடித்துக்கொண்டிருந்த நான் எட்டிப் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

ஒன்பதாம் வகுப்பு முழுத்தேர்வில் அவளுக்குக் கணக்கு போய்விட்டது. மறுநாள் காலை பள்ளியில் மறுதேர்வு. அதிலும் தவறினால் இன்னொரு வருடம் அதே வகுப்பு. "அந்தச் சின்னப் பசங்களோட உக்கார மாட்டேம்மா, நின்னுடுவேன்" என்று முன்பே சொல்லியிருந்தாள். ஒன்பதாவதோடு நின்ற பெண்கள் ஆம்பூரில் எங்கே போய்ச் சேர்வார்கள் என்று எனக்குத் தெரியும். நான் வேலை செய்யும் ஷூ கம்பெனியில் தையல் லைன் முழுக்க அவர்கள்தான்.

தொட்டியில் இருந்த தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கு தோட்டத்துக்குப் போயிற்று, மீதியில் நான்கில் ஒரு பங்கு வீட்டுக்கு. இன்னும் முப்பது லிட்டர் இருக்கிறது, முதலில் எவ்வளவு இருந்தது? இதுதான் கணக்கு. மொத்தத்தை x என்று வைத்து அறுபது என்று முடித்திருந்தாள்.

"இன்னாடி இது? மூணுல ஒண்ணு, நாலுல ஒண்ணு, ரெண்டையும் கூட்டு. பன்னண்டுல ஏழு போச்சு. மிச்சம் பன்னண்டுல அஞ்சு, அதுதான் முப்பது. அப்போ x எழுபத்திரண்டு."

"மீதியிலன்னு போட்டிருக்கும்மா."

"பேஜார் பண்ணாத. நான் தினம் பண்ற வேலைடி இது."

"தினமும் தோலத்தான தடவுற, கணக்கா போடுற?"

"நான் பி.காம். நீ ஒம்பதாவது ஃபெயிலு."

அவள் நோட்டை என் பக்கம் தள்ளினாள்.

கம்பெனியில் நான் தோலைத் தரம் பிரிக்கும் பிரிவில் இருக்கிறேன். அங்கே பங்கு என்றாலே வந்திறங்கிய மொத்த லாட்டின் பங்குதான். முதல் தரம் மூன்றில் ஒன்று, இரண்டாம் தரம் கால் என்று நாங்கள் எழுதினால் இரண்டும் மொத்தத்தில்தான். வேறு விதமாக யாரும் எழுதுவதில்லை. 'மீதியில்' என்ற சொல்லை என் கண் பார்த்தது, உள்ளே போகவில்லை. எழுபத்திரண்டை வைத்துச் சரிபார்த்தும் காட்டினேன். இருபத்திநாலு போனது, பதினெட்டு போனது, முப்பது மிச்சம். அவள் அறுபதை அழித்தாள். பள்ளியில் கொடுத்த பயிற்சித்தாளில் விடைகள் இல்லை. அதில் இருந்த அந்த மாதிரிக் கணக்கையெல்லாம் என் வழியிலேயே போட வைத்தேன். கடைசியில் "ஈஸியாத்தான் இருக்கு" என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

திங்கட்கிழமை அவள் பரீட்சைக்குப் போனாள், நான் வேலைக்கு. முதல் தரத்தை எடுத்து அடுக்கி முடித்தபோது மேனேஜர் வந்தார்.

"மிச்சம் இருக்கறதுல கால்வாசிய சாம்பிளுக்கு ஒதுக்குங்க."

"மொத்த லாட்டுலயா சார்?"

"மிச்சத்துலன்னுதானம்மா சொல்றேன். மொத்தத்துல கேட்டா ஜாஸ்தியா போய்டும்ல?"

மேஜைமேல் மீதித் தோல் குவிந்து கிடந்தது. அதில் கால் பங்கைத் தூக்கப் போன என் கை அப்படியே நின்றது. மணியைப் பார்த்தேன். பள்ளியில் அவள் இப்போது எழுதிக்கொண்டிருப்பாள்.

பள்ளிக்குப் போன் அடித்தேன், யாரும் எடுக்கவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்தேன். கேட்டில் வாட்ச்மேன் மறித்தார்.

"பரீட்ச நடக்குதும்மா. இன்னா அவசரம்?"

"பொண்ணுகிட்ட ஒரு வார்த்த சொல்லணும்."

"பரீட்ச ஹாலுக்குள்ள போய் வார்த்த சொல்லுவியா? நல்லா கீதே!"

அவர் சொன்னதில் தப்பில்லை. என்னை உள்ளே விட்டிருந்தாலும் எந்த டீச்சர் நான் பேசுவதைக் கேட்டுக்கொண்டு நின்றிருப்பார்? தானாகச் சரியாகப் போட்ட பிள்ளையை அழிக்கச் சொன்னேன் என்று யாரிடம் சொல்வது? ஒருவேளை என் பேச்சைக் கேட்காமல் அவள் வழியிலேயே எழுதியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். என் பெண் என் பேச்சை மீற வேண்டும் என்று வேண்டிக்கொண்டது அன்றைக்குத்தான். வெயிலில் சுவரோரம் நின்றேன்.

மணி அடித்தது. பிள்ளைகள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள், அவள் மட்டும் வரவில்லை. கடைசி ஆளாக வந்தாள். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"பெரிய கணக்கு ரெண்டுமே அந்த மாதிரிதாம்மா வந்துச்சு. நீ சொன்னபடியே போட்டுட்டேன். இன்னாம்மா, நீ இன்னிக்கு வேலைக்குப் போகலியா?"