மடி பெருத்த மாடும் இத்தாலி சீட்டும்

போன சனிக்கிழமை, கோயமுத்தூரில் ஒரு ஏ.சி. அறையில் வைத்து என் மகள் என் மானத்தை வாங்கினாள். வாங்கட்டும்... எனக்கு வேண்டியதுதான்.

தாரணி டெய்ரி டெக்னாலஜி முடித்துவிட்டாள். மேற்படிப்புக்கு இத்தாலிதான் என்று ஒரு வருஷமாக ஒற்றைக்காலில் நிற்கிறாள். ஏன் இத்தாலி என்றால், "பால அவங்களாட்ட மதிக்கறவங்க யாருங்கப்பா?" என்கிறாள். வேலந்தாவளத்தில் ஆறு மாட்டையும், பத்திரிகையில் வாரம் ஒரு பத்தியையும் மேய்க்கிற நானும் சரி என்றுவிட்டேன்.

கன்சல்டன்சியில் டை கட்டிய இளைஞர் ஒரு பளபளப் புத்தகத்தை விரித்தார். பெரிய நகரம். பளிங்கு சர்ச், அதன் முன்னால் புறாக்கள், படிக்கட்டில் சிரிக்கும் மாணவர்கள்.

"ஃபுட் மேனேஜ்மென்ட் சார். டாப் ப்ரோக்ராம். ஒரே ஒரு சீட்தான் இருக்கு. இன்னைக்கே சைன் பண்ணிடுங்க."

எனக்கு வாயெல்லாம் பல். சொந்தக்காரர்கள் எந்த ஊர் என்று கேட்க, நான் அந்த ஊர்ப் பேரைச் சொல்ல, அவர்கள் வாயைப் பிளக்க... பேனாவைத் திறந்துவிட்டேன்.

"ஏனுங்கப்பா," என்றாள் தாரணி. "போன மாசம் சந்தைல அந்தச் செவல மாட்ட எதுக்குங்க வேண்டாம்னீங்க?"

"இப்ப எதுக்கு அம்மிணி அந்தக் கதை?"

"சொல்லுங்க."

டை கட்டியவர் முன்னால் எப்படிச் சொல்வது? அந்த மாட்டுக்கு மடி அத்தனை அம்சமாக இருந்தது. ஆனால் முந்தின நாள் கறக்காமல் விட்டு, மடியைப் பெருக்கிக் காட்டுகிற வித்தை எங்கள் சந்தையில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். ரெண்டு வேளை கறந்து காட்டச் சொன்னேன். விற்க வந்தவர் மாட்டை ஓட்டிக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

"இதும் அந்த மாடுதானுங்க," என்று புத்தகத்தைத் தட்டினாள்.

பிறகு டைக்காரரிடம் மெதுவாகத்தான் கேட்டாள். "மொத வருஷ டைம்டேபிள் இருக்குங்களா? ரெண்டாவது வருஷம் பாடம் இங்கிலீஷ்லயா, இத்தாலியன்லயா? இப்ப அங்க படிக்கற யாரோடயாவது பேச முடியுங்களா?"

"அட்மிஷன் ஆனதும் எல்லாம் சொல்லிடுவோம் மேடம்."

தாரணி ஃபைலை மூடினாள். எழுந்துவிட்டாள்.

பஸ்ஸில் எனக்கு ஆத்திரமான ஆத்திரம். இருந்த ஒரு சீட்டும் போச்சே! "இத்தன புடிவாதம் ஆகாது சாமி," என்றேன். அவள் போனை நீட்டினாள். ஒரு சின்ன ஊர்ப் பல்கலைக்கழகம். பேர் என் வாயில் நுழையவில்லை. படத்தில் புறா இல்லை — பால் லேப் இருந்தது. அதே மூன்று கேள்விகளை அவர்களுக்கும் எழுதிக் கேட்டிருக்கிறாள். டைம்டேபிள் வந்திருக்கிறது. ரெண்டு வருஷமும் இங்கிலீஷ்தான் என்று ஒரு ப்ரொஃபசரே பதில் போட்டிருக்கிறார். அங்கே படிக்கிற மதுரைப் பெண் ஒருத்தியுடன் பேசியும் ஆகிவிட்டது. குளிர் கொல்லும், பாடம் கஷ்டம், ஆனால் நிஜமாகவே சொல்லித் தருகிறார்கள் என்றாளாம்.

"புதன்கிழமை இன்டர்வியூங்க. தேறலைன்னா இந்த வருஷம் போச்சு. போனாப் போகட்டுங்க. கறந்து பாக்காத மாட்ட நான் ஓட்டிட்டு வரமாட்டேன்."

பெருமையா, பயமா... எனக்கு ரெண்டும்தான்.

வீட்டில் என் மனைவி முழுக் கதையையும் கேட்டாள். "மாட்டுக்குக் காட்டற வெவரத்த மகளுக்குக் காட்ட மறந்துட்டீங்களாக்கும்," என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள்.

உங்களையும் கேட்கிறேன். கத்தரிக்காயைக்கூட அமுக்கிப் பார்த்து வாங்குகிறோம். படிப்பு என்றால் மட்டும் போட்டோவைப் பார்த்ததும் ஏன் தலையாட்டுகிறோம்? விற்கிறவர் டை கட்டியிருக்கிறார் என்பதாலா?

புதன்கிழமை தாரணி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்தாள். கால் மணி நேரம் என்றார்கள். ஒரு மணி நேரம் ஆகியும் கதவு திறக்கவில்லை. நான் தொழுவத்துக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.

வெளியே வந்தவளுக்கு முகமெல்லாம் வியர்வை. "என்ன அம்மிணி ஆச்சு?"

"என்னைய நல்லாக் கறந்துட்டாங்கப்பா!" சிரித்தாள். "வெள்ளிக்கிழமை இன்னொருக்கா வரச் சொல்லியிருக்காங்க."

ரெண்டு வேளை கறந்து பார்க்கிற ஊர்... நம்பி அனுப்பலாம்!