கேட்டுக்கு வெளியே நடந்த மீட்டிங்

போன சனிக்கிழமை எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு கூத்து நடந்தது. அங்கே எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் சிரிப்பு வரவில்லை.

'எங்கள்' என்றதும் நான் வாத்தியார் என்று நினைத்துவிடாதீர்கள். ஸ்ரீரங்கத்தில் குடியிருக்கிற என்னை, காவிரிப் பாலம் தாண்டி, காந்தி மார்க்கெட் பக்கத்தில் ஒரு பள்ளியின் கமிட்டியில் போட்டிருக்கிறார்கள். வாரா வாரம் இந்த இடத்தில் எதையாவது எழுதுகிறேன் என்பதைத் தவிர வேறு தகுதி எனக்குக் கிடையாது. பெற்றோர் மீட்டிங்குக்குப் போனால் முன்வரிசையில் நாற்காலி, சூடாக ஒரு காபி. போதாதா?

பள்ளியில் எட்டாவது வரைதான் உண்டு. அதற்கு மேல் படிக்க, வருஷத்துக்கு ஒரே ஒரு பெண்ணுக்கு ஹைஸ்கூல் ஹாஸ்டலில் இலவச இடம் கிடைக்கும். சாப்பாடு, துணிமணி எல்லாம் அவர்கள் பொறுப்பு. அந்த ஒரு இடம் யாருக்கு? அதுதான் இந்த வருஷத்துப் பிரச்னை.

"படிப்புல வள்ளிதான் சார் முதல். சந்தேகமே இல்லை" என்றார் ஹெட்மிஸ்ட்ரஸ் செலின் டீச்சர், போன மாத மீட்டிங் முடிந்த கையோடு. "ஆனா அவளுக்குக் கொடுக்க முடியாது."

"ஏன் டீச்சர்?"

"அப்பா இல்லாத பொண்ணு. அம்மா இருக்காங்க, மார்க்கெட்ல கீரை விக்கிறாங்க. ஒவ்வொரு மீட்டிங்குக்கும் சொல்லி அனுப்பறேன், ஒரு தடவைகூட வரலை. இப்படித்தான் ரெண்டு வருஷம் முந்தி ஒருத்திக்குக் கொடுத்தோம். பாதியிலே கூட்டிட்டுப் போய்க் கல்யாணம் பண்ணிட்டாங்க. பெத்தவங்களுக்கே அக்கறை இல்லேன்னா நான் என்ன சார் பண்றது?"

டீச்சர் கெட்டவர் இல்லை. ஒரு முறை சூடு பட்டவர். பெற்றவர் நேரில் வந்து சம்மதம் சொன்னால்தான் இடம் என்று அதற்கப்புறம் ஒரு விதி வைத்துவிட்டார். அடுத்த மீட்டிங்கிலும் வள்ளியின் அம்மா வரவில்லை என்றால், இடம் அரிசி மில் கணக்குப்பிள்ளையின் மகளுக்கு. அவர் மண்ணச்சநல்லூரிலிருந்து வேலையை விட்டுவிட்டு மீட்டிங் தவறாமல் வருகிறவர்.

நியாயம்தானே? எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆனால் 'கீரை' என்ற சொல் மட்டும் மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. நான் கீரை வாங்கும் அஞ்சலைக்கும் ஒரு பெண் உண்டு... ஒருவேளை?

மறுநாள் காலை மார்க்கெட்டுக்குப் போனேன். சுற்றி வளைக்கத் தெரியாத ஆள் நான்.

"ஏம்மா அஞ்சலை, உன் பொண்ணு பேரு வள்ளியா?"

"ஆமாங்க ஐயா! எப்படித் தெரியும் உங்களுக்கு?"

"ஸ்கூல்ல கூப்பிட்டா ஏன் போகமாட்டேங்கிறே?"

கையிலிருந்த கீரைக்கட்டைப் பட்டென்று கீழே வைத்தாள்.

"யாருங்க சொன்னது? ஒரு தடவை விடாம போய்க்கிட்டுத்தான் இருக்கேன். நேத்துகூட விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் நின்னேனே!"

"எங்கே நின்னே?"

"ஸ்கூல் கேட்டுக்கு வெளியதான். கூப்பிடுவாங்கன்னு நின்னேன். கூப்பிடலை. உள்ளேர்ந்து எல்லாரும் வெளியே வந்தாங்க. சரி, இன்னிக்கும் நம்ம பேரு வரலைன்னு வந்துட்டேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அவள் கோர்ட்டுக்குப் போயிருக்கிறாள், தாலுகா ஆபீசுக்குப் போயிருக்கிறாள், முனிசிபாலிட்டிக்குப் போயிருக்கிறாள். எங்கே போனாலும் வெளியே நிற்க வேண்டும், உள்ளேயிருந்து பேர் சொல்லிக் கூப்பிட்டால்தான் போக வேண்டும். கூப்பிடாமல் நுழைந்தால் வசவுதான் கிடைக்கும். அவளுக்குத் தெரிந்த சர்க்கார் அதுதான். நானோ எந்தக் கட்டடமானாலும் செருப்புச் சத்தத்தோடு நேரே உள்ளே போகிறவன். உள்ளே போகலாமா என்று ஒரு கேள்வி இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

டீச்சரிடம் சொன்னேன். நம்பவில்லை. "பேர் சொல்லிக் கூப்பிடறதுக்கு இது ஸ்கூலா, கோர்ட்டா சார்?" என்றார். கோபம்தான். ஆனாலும் முகம் என்னவோ போலாகிவிட்டது.

போன சனிக்கிழமை மீட்டிங் பாதியில் இருக்கும்போது டீச்சர் சட்டென்று எழுந்தார். கேட்டை நோக்கி நடந்தார். நானும் மற்றவர்களும் பின்னாலேயே ஓடினோம். கேட்டுக்கு எதிரே ஒரு சர்பத் கடை. அங்கே எப்போதும் ஒரு கும்பல் நிற்கும். ஒவ்வொரு மீட்டிங்குக்கும் வரும்போது பார்த்திருக்கிறேன்... சர்பத் நன்றாக இருக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்!

"அஞ்சலை!"

டீச்சரின் குரல் மைக் இல்லாமலே மூன்று தெருவுக்குக் கேட்கும். காலிக் கூடையோடு அஞ்சலை ஓடி வந்தாள். அவள் பின்னால் தலையில் சும்மாட்டுத் துணியோடு ஒரு மூட்டை தூக்குகிறவர் தயங்கித் தயங்கி வந்தார்.

"எங்க பேரு எப்பம்மா வரும்?"

அவருக்குப் பின்னால் இன்னொருவர். கைக்குழந்தையோடு ஒரு பெண். அப்புறம் பாருங்கள், சர்பத் கடை வாசலே காலி! கடைக்காரர் மட்டும் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றார். நாங்கள் எல்லோரும் சிரித்தது அப்போதுதான்.

டீச்சர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எல்லாரும் உள்ளே வாங்க" என்றார். நாற்காலி போதவில்லை. காபியும் போதவில்லை.

சர்க்கார் பள்ளிக்கூடச் சம்பளம் கட்ட வேண்டாம் என்கிறது, மத்தியானம் சோறு போடுகிறது, புதுப்புதுப் பள்ளிகள் திறக்கிறது. எல்லாம் சரி. கதவைத் திறந்து வைத்துவிட்டோமே, இன்னும் ஏன் வரவில்லை என்று கேட்கிறோம். இது உங்களுக்காகத் திறந்த கதவு என்று அவர்களிடம் யாராவது போய்ச் சொன்னோமா? அக்கறை இல்லாதவர்கள் என்று நாம் பேர் வைத்த எத்தனை பேர், எத்தனை கேட்டுகளுக்கு வெளியே இப்படி நின்றுகொண்டிருக்கிறார்கள்?

இடம் வள்ளிக்குத்தான். கணக்குப்பிள்ளையின் முகம் வாடியதையும் பார்த்தேன். ஒரே ஒரு இடம் என்றால் யாராவது ஒருவர் முகம் வாடத்தானே செய்யும்? அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

நேற்று ஹாஸ்டலில் சேர்க்கும் நாள். துணைக்கு நானும் போனேன். பெரிய இரும்பு கேட், நன்றாகத் திறந்தே கிடந்தது. தகரப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அஞ்சலை அதன் முன்னால் நின்றுவிட்டாள். என் காதருகே மெதுவாகக் கேட்டாள்:

"ஐயா... கூப்பிடுவாங்களா, நாமளே போயிடலாமா?"

நான் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள், வள்ளி பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே பாதி தூரம் போயிருந்தாள்.