கோபுரத்துக்கு முதுகு காட்டிய வழி

பாம்பணையில் பள்ளிகொண்ட பரமன் திருவடி துணை நிற்க.

அன்று ஐப்பசித் திருவோண நன்னாள். வடசேரியிலிருந்து கருப்பட்டி வண்டியோடு திருவனந்தபுரம் புறப்பட்ட அப்பா, எட்டு வயதான என்னையும் உடன் அழைத்துச் சென்றார். அந்நகரத்துப் பெருமான்மீது பாடப்பெற்ற பாசுரம் ஒன்றை அவரே எனக்குக் கற்பித்திருந்தார். அதைக் கோபுரத்தடியில் நின்று பாடவேண்டும் என்பது என் ஆசை. பாடப்போவதாகத் தோழர்களிடம் பெருமையும் பேசியிருந்தேன்.

சரக்கை இறக்கியதும் நடந்தோம். ஊரெல்லாம் குன்றுகள். கோபுரம் அருகிலேயே தெரிந்தது. அப்பாவோ அதற்கு முதுகு காட்டி ஒரு மேடு ஏறினார், இறங்கினார், மற்றொரு மேடு ஏறினார், சுற்றிவந்து முதல் மேட்டையே மீண்டும் ஏறினார். ஏற்றத்தில் மோர் விற்றுக்கொண்டிருந்தவள் எங்களைக் கண்டு சிரித்தாள்.

"ஏ மக்கா, ஒனக்க அப்பனுக்கு வழி தெரியாதா? இந்த மேட்ட மறுக்கா ஏறுதாரே!"

"பிள்ளைக்கு ஊரு காட்டுதேன்" என்றார் அப்பா.

"நல்லாக் காட்டுதீரு! பிள்ளைக்க நாக்கு வெளிய வந்தாச்சு."

என் முகம் கனன்றது. இறக்கத்தில் கோபுரத்தை நோக்கி நேராக ஒரு தெரு போயிற்று. அதை நோக்கி ஓடினேன். அப்பா என் மணிக்கட்டை இறுகப் பற்றினார்.

"அங்க போவ வேண்டாம் மக்கா. நாயி உண்டு."

தெரு நடுவே ஒரு பசு படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. நாயைக் காணவில்லை. தெருமுனையில் ஒருவர் எங்களையே நோக்கி நின்றார். அப்பா தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டி, ஓரமாக விலகினார். வழி தெரியாதவர், போதாததற்குப் பயந்தாங்கொள்ளி! அவருடைய மகன் என்பதற்கே நாணினேன்.

பொழுது சாயும் வேளையில் ஒரு குன்றின் உச்சியில் நிறுத்தினார். கீழே, தென்னைகளுக்கு மேல், கோபுரம் உள்ளங்கை அளவில் நின்றது.

"இஞ்ச நின்னு பாடு மக்கா. அவருக்குக் கேக்கும்."

நான் வாயைத் திறக்கவில்லை. அப்பா தாமே பாடினார். இடையில் குரல் உடைந்தது. வழிப்போக்கர் திரும்பிப் பார்த்தனர். நான் யாரோ போல எட்டப் போய் நின்றேன்.

கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் எங்கள் சாதியார் கால் வைக்கலாகாது என்பதை அந்நாளில் நான் அறியேன். வழி தெரியாதவர் என்று நான் வெட்கிய அப்பா, எந்தெந்தத் தெரு எங்களுக்கு இல்லை என்பதை ஒன்றும் பிழையாமல் அறிந்திருந்தார். அதை நான் அறியக்கூடாது என்றே அத்தனை மேடும் ஏறினார்.

இதைப் படிப்போர் யாவரும், அவர்தம் மக்களும், நேர் தெருவில் நடந்து வேண்டிய வாசலை அடைந்து நீடு வாழ்க.