மாமனார் வீட்டுப் புகைபோக்கி

போன ஞாயிற்றுக்கிழமை சமயநல்லூரில், என் மாமனாரின் அடுப்படியில் நாலு பேர் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றோம். யாரும் அழவில்லை... எல்லாம் புகை!

அதுவும் எந்த அடுப்பின் புகை? புகையில்லா அடுப்பின் புகை!

முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

அத்தை காலமானபிறகு மாமா அந்த ஓட்டு வீட்டில் தனியாகத்தான் இருக்கிறார். சமையலும் அவரே. கொல்லையில் கருவேல விறகும் தென்னை மட்டையும் கிடப்பதால் எரிக்கப் பஞ்சமில்லை. ஆனால் மார்கழியில் மூச்சிழுப்பு வந்து படுத்துவிட்டார். ‘இனிமேல் அடுப்புப் புகை ஆகவே ஆகாது’ என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

என் மனைவி மல்லிகாவுக்கு இது போதாதா?

“பேசாம எங்ககூட திருநகருக்கு வந்துருங்கப்பா.”

“எதுக்குத்தா? என் வீட்டுல எனக்கென்ன கொறச்சல்?”

காஸுக்குப் பதிந்துவைத்தால் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. கெரசின் ஸ்டவ் வாசனை பட்டாலே மாமாவுக்குத் தும்மல். மரத்தூள் அடுப்புக்குத் தூளை இடித்து இடித்து அடைக்கப் பொறுமை இல்லை. அப்போதுதான் பொருட்காட்சியில் அந்தப் புகையில்லா அடுப்பைப் பார்த்தோம். சிமெண்டில் வார்த்தது. பழைய அடுப்பை இடித்துவிட்டு அதே இடத்தில் பதித்துவிடலாம். விறகுதான் எரியும், பின்னால் இருக்கும் பைப் வழியாகப் புகை கூரைக்கு மேலே போய்விடும்.

விற்பவரை மாமா கேட்ட கேள்விகள் இருக்கின்றனவே...!

“உங்க பொண்ணுக்கு மாப்பிள்ளை பாத்தப்பகூட இம்புட்டுக் கேள்வி கேக்கலையே மாமா!” என்றேன்.

“அதான் இந்தத் தடவை ஒழுங்காப் பாக்குறேன் மாப்ள.”

தேவையா எனக்கு?

ஒற்றைக்கண் அடுப்பு போதும் என்றார் விற்பவர், ஒரு ஆளுக்குத்தானே என்று. மாமா விடவில்லை. “என் மக வந்தா வெறும் சோத்தைப் போட்டு அனுப்பவா?” என்று ரெட்டைக்கண் அடுப்பையே வாங்கினார்.

மல்லிகா ஒரு நிபந்தனை போட்டாள். “வச்சுக்கங்கப்பா. ஆனா பத்தவச்சு பொகை வந்துச்சுன்னா, அன்னிக்கே பெட்டியக் கட்டிட்டு எங்ககூட வந்துரணும்.” மாமாவும் ஒத்துக்கொண்டார்.

கொத்தனார் காதர் பாய் அடுப்பைப் பதித்து, இடுக்கெல்லாம் உமி கலந்த களிமண் வைத்துப் பூசினார். ஓட்டைப் பிரித்துப் பைப்பை ஏற்றினார். இரண்டு துண்டு கொண்டுவந்திருந்தார்.

“ஒண்ணு போதும் பாய்,” என்றார் மாமா. “வீட்டு மேல மில்லுப் பொகைக்கூண்டு மாதிரி நீட்டிக்கிட்டு நின்னா நல்லாவா இருக்கும்?”

பாய் தலையைச் சொறிந்தார். “உங்க இஷ்டம்ணே.” மற்றொரு துண்டு கொல்லைச் சுவரில் சாய்ந்தபடி நின்றுவிட்டது.

மண் காயட்டும் என்று விட்டிருந்து, போன ஞாயிறு பாய் முன்னிலையில் பற்றவைத்தோம். முதலில் ஜோராக எரிந்தது. காற்று ஒரு வீச்சு வீசியதும், மேலே போன புகை மொத்தமும் அதே வழியாகத் திரும்பி வந்தது! மாமாவுக்கு இருமல் நிற்கவே இல்லை. நான் விறகை இழுத்துத் தண்ணீர் தெளித்து அணைத்தேன்.

“பாத்தீங்களா? கெளம்புங்க,” என்றாள் மல்லிகா, அவருக்குத் தண்ணீர் கொடுத்தபடி.

அவர் சண்டை போடுவார் என்று காத்திருந்தேன். போடவில்லை.

“சரித்தா. வாரேன்.”

அவ்வளவுதான். எழுந்துபோய்க் கொடியில் கிடந்த வேட்டிகளை எடுத்து மடித்தார். அரிசிப் பானையை மூடி, மேலே ஒரு கல்லை வைத்தார். பக்கத்து வீட்டில் போய்க் கோழிகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்தார். பிறகு உள்ளறைக் கதவைச் சாத்தி, பூட்டை மாட்டி, ஒருமுறைக்கு இருமுறை இழுத்துப் பார்த்தார்.

மல்லிகா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே நின்றாள். திடீரென்று கொல்லைப்பக்கம் போனாள். அண்ணாந்து கூரையைப் பார்த்தாள்.

“பாய், பைப்பு முகட்டை விடத் தாழ்வா இருக்கு. முகட்டுல மோதுற காத்து பொகையத் திருப்பி அமுக்குது. அந்த இன்னொரு துண்டையும் மாட்டுங்கண்ணே.”

பாய் ஏறினார். துண்டை மாட்டினார். மறுபடி பற்றவைத்தோம். காற்று வீசியது... அடுப்படியில் ஒரு இழை புகை இல்லை! மாமா வெளியே ஓடிப்போய்க் கூரைக்கு மேலே போகும் புகையைப் பார்த்துவிட்டு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

அந்த அடுப்பிலேயே டீ போட்டுக் கொடுத்தார். குடித்துவிட்டு, நாங்கள் இருவர் மட்டும் பஸ் ஏறினோம்.

“பைப்பு குட்டைன்னு எப்படிக் கண்டுபுடிச்ச?” என்று கேட்டேன்.

“வந்து எறங்கினதுமே பாத்துட்டேன்.”

“அடிப்பாவி! அப்பவே சொல்றதுக்கென்ன?”

“சொன்னா அவரு வரமாட்டாரே.”

“அப்புறம் ஏன் சொன்ன?”

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். “சரின்னுட்டாரேங்க... எங்கப்பா எதுக்குமே இம்புட்டுச் சீக்கிரம் சரின்னு சொன்னதில்ல.”

வயதானவர்கள் பிடிவாதம் பிடித்தால் நமக்குக் கோபம் வருகிறது. சட்டென்று சம்மதித்துவிட்டால்...? பயம் அல்லவா வருகிறது!

வருகிற ஞாயிறு மாமா வீட்டில் எங்களுக்குக் கறிச்சோறு. ஒரே ஒரு கண்டிஷன் — மகள் அடுப்படிப் பக்கம் வரவே கூடாதாம், ரெட்டைக்கண்ணிலும் அவரேதான் சமைப்பாராம்!